செடியோடு மேடை ஏறுவது: மாணவர் தோட்ட ஸ்டார்ட்அப்களும் பிட்ச் போட்டிகளும், அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

படித்துக்கொண்டே நாலைந்து நண்பர்கள் சேர்ந்து நாற்று வளர்த்து விற்கிறீர்கள், அல்லது ஜன்னலோரத்தில் வைக்கும் தொட்டிப் பெட்டி, மைக்ரோகிரீன் (முளைத்த சில நாளிலேயே அறுத்துச் சாப்பிடும் இளங்கீரை) சந்தா என்று ஏதோ ஒன்றைத் தொடங்கியிருக்கிறீர்கள். அதை வைத்துக்கொண்டு ஒரு பிட்ச் போட்டிக்கு விண்ணப்பிக்கலாமா என்ற யோசனை வந்திருக்கிறது. இந்தப் பக்கம் உங்களுக்குத்தான். மாணவனாக இருந்தபோது நானும் சமையலறை ஜன்னலில் புதினாவும் பேசிலும் (துளசி இனத்து சமையல் மூலிகை) வளர்க்கும் பெட்டி ஒன்றை விற்ற ஐந்து பேர் அணியில் இருந்தேன். ஏழு மேடை ஏறினோம், இரண்டில் பரிசு வாங்கினோம். பிறகு சில மாணவர் போட்டிகளில் முதல் சுற்று நடுவராக மேசைக்கு அந்தப் பக்கமும் உட்கார்ந்து பார்த்தாயிற்று. இரண்டு பக்கமும் என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகள் கீழே.

பிட்ச் போட்டி என்றால் என்ன? வணிகத் திட்டப் போட்டியும் இதுவும் ஒன்றுதானா?

நடுவர்கள் முன்னால் உங்கள் தொழில் யோசனையைச் சில நிமிடத்தில் பேசிக் காட்டிப் பரிசுக்குப் போட்டியிடுவது பிட்ச் போட்டி. வணிகத் திட்டப் போட்டியும் இதுவும் அண்ணன் தம்பி என்று வைத்துக்கொள்ளலாம். அண்ணன் வணிகத் திட்டப் போட்டி. 1984-இல் ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழக மாணவர்கள், சட்ட மாணவர்கள் நடத்தும் மாதிரி நீதிமன்றத்தைப் பார்த்து ‘மூட் கார்ப்’ என்ற போட்டியைத் தொடங்கினார்கள். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமான எம்.ஐ.டி.யின் போட்டி 1990-இல் 10,000 டாலர் பரிசோடு தொடங்கியது. இன்று அதன் பெயரிலேயே 100,000 டாலர் இருக்கிறது. அந்தக் காலத்தில் பல பக்கங்களுக்கு அச்சடித்த திட்டத்தைக் கொடுக்க வேண்டியிருந்தது. இப்போது பெரும்பாலான இடங்களில் சின்ன விண்ணப்பம், பத்துப் பன்னிரண்டு ஸ்லைடு, மேடையில் மூன்றிலிருந்து பத்து நிமிடப் பேச்சு, அப்புறம் கேள்வி நேரம் என்று சுருங்கிவிட்டது. ஸ்லைடே இல்லாமல் ஒரு நிமிடம் மட்டும் பேசச் சொல்லும் போட்டிகளும் உண்டு. எந்த வகை என்று விதிமுறையைப் படித்துவிட்டு விண்ணப்பியுங்கள். ஒரு நிமிடப் போட்டிக்கு நிதிநிலைக் கணிப்பு தயாரித்து இரவெல்லாம் கண் விழித்த அணி எங்களுடையது.

எல்லாரும் செயலி, செயற்கை நுண்ணறிவு என்று வருகிறார்கள். மண்ணும் தொட்டியும் கொண்டுபோனால் மதிப்பார்களா?

மதிப்பார்கள். காலையிலிருந்து இருபது செயலிகளைப் பார்த்துக் களைத்த நடுவருக்கு, கையில் தொட்டுப் பார்க்கக்கூடிய ஒன்று வந்தால் நிமிர்ந்து உட்காரத் தோன்றும். அந்தச் சலுகை அரை நிமிடத்துக்குத்தான். அதற்குப் பிறகு உங்களிடம் கேட்கப்படுவதும் மற்றவர்களிடம் கேட்கப்படுவதும் ஒன்றே: யார் வாங்குகிறார்கள், எத்தனை முறை வாங்குகிறார்கள், ஒன்று விற்றால் கையில் என்ன நிற்கிறது?

உயிருள்ள பொருளோடு தொடங்கி நிலைத்தவர்களுக்கு முன்னுதாரணம் உண்டு. 2009-இல் பெர்க்லியில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் கடைசிப் பருவத்தில் படித்துக்கொண்டிருந்த நிகில் அரோரா, அலெஹாந்த்ரோ வெலெஸ் இருவரும் வகுப்பில் ஒரு தகவலைக் கேட்டார்கள்: வடிகட்டிய காபித்தூள் கழிவில் காளான் வளரும். பத்து வாளிகளில் முயன்றார்கள். ஒன்பது பாழ். ஒன்றில் மட்டும் சிப்பிக் காளான் வந்தது. அந்த ஒரு வாளியைத் தூக்கிக்கொண்டு உணவகத்துக்கும் அங்காடிக்கும் போனார்கள். பல்கலைக்கழகம் கொடுத்த 5,000 டாலர் உதவித்தொகை முதல் படியானது. அதுதான் பின்னாளில் வீட்டுத் தோட்டப் பொருள்கள் விற்கும் ‘பேக் டு த ரூட்ஸ்’ நிறுவனம். அந்தக் கதையில் எனக்குப் பிடித்தது வளர்ந்த வாளியைவிட வளராத ஒன்பது வாளி. அதைப் பற்றிக் கீழே நிறைய சொல்லப் போகிறேன்.

போட்டிக்கு எவ்வளவு நாள் முன்னால் வேலையைத் தொடங்க வேண்டும்?

செடியிடம் கேளுங்கள். செயலி செய்கிறவர்கள் கடைசி வாரத்தில் தூக்கத்தை விட்டுவிட்டு ஒரு மாதிரியைச் செய்து முடித்துவிட முடியும். உங்களுக்கு அந்த வசதி கிடையாது. தக்காளி விதை ஊன்றி நாற்றாகி நடும் பதத்துக்கு வர 6 முதல் 8 வாரம், நட்ட பிறகு முதல் பழத்துக்கு 60 முதல் 80 நாள். ஆக, நாலு மாதம் போய்விடும். போட்டி அறிவிப்புக்கும் கடைசித் தேதிக்கும் நடுவே பல சமயம் ஆறு வாரம்கூட இருக்காது.

அதனால் இறுதிச் சுற்றுத் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். சோதனைக்கு எடுக்கும் பயிரும் அந்த எண்ணிக்கைக்குள் அடங்க வேண்டும். மைக்ரோகிரீன் 7 முதல் 14 நாளில் அறுவடைக்கு வரும். ஆறு வாரத்தில் மூன்று சுற்று ஓட்டி, ஒவ்வொரு சுற்றிலும் எதையாவது மாற்றிப் பார்க்கலாம். முள்ளங்கிக்கு ஒரு மாதம் போதும். புதினாத் தண்டை வெட்டித் தண்ணீரில் வைத்தால் ஓரிரு வாரத்தில் வேர் விடும். உங்கள் நிஜமான தயாரிப்பு தக்காளிப் பெட்டியாகவே இருக்கட்டும், வாடிக்கையாளர் பெட்டியைத் திறந்து வழிமுறையைப் படித்துத் தண்ணீர் ஊற்றுகிறாரா என்பதை முள்ளங்கி வைத்தே தெரிந்துகொள்ளலாம்.

எத்தனை பேரிடம் கொடுத்துச் சோதித்தால் நடுவர்கள் நம்புவார்கள்?

இருபது முப்பது பேர் போதும், அவர்கள் உங்கள் சித்தி மகளாகவும் அறைத் தோழராகவும் இல்லாத வரை. சின்னத் தொகையாவது வாங்கிக்கொண்டு கொடுங்கள். இலவசமாகக் கொடுத்த செடியை யாரும் குறை சொல்ல மாட்டார்கள். தண்ணீரும் ஊற்ற மாட்டார்கள். இருநூறு பேரிடம் நிரப்பி வாங்கிய ‘இப்படி ஒன்று வந்தால் வாங்குவீர்களா?’ படிவத்தைவிட, காசு கொடுத்து வாங்கிய இருபது பேரில் ஏழு பேர் மறுபடி வாங்கினார்கள் என்ற ஒற்றை வரிக்கு எடை அதிகம்.

இதோடு ஒரு நோட்டும் போடுங்கள். நாங்கள் அதைச் ‘சாவுப் பேரேடு’ என்று கிண்டலாகக் கூப்பிட்டோம். ஊன்றிய தேதி, தட்டு எண், எத்தனை முளைத்தது, எத்தனை செத்தது, எந்த நாளில், எதனால். அவ்வளவுதான். ஆரம்பத்தில் எங்களுக்குள் ஒருவர் மேல் ஒருவர் பழி போடுவதற்குத்தான் அது பயன்பட்டது. மூன்றாவது மாதத்தில் பக்கங்களைப் புரட்டிப் பார்த்தபோது ஒன்று கண்ணில் பட்டது: வாடிக்கையாளர் வீடுகளில் செத்த பேசில் செடிகளில் பெரும்பாலானவை வாங்கிய மூன்றாவது வாரத்தில் செத்திருந்தன. காரணம் என்ற இடத்தில் பாதிக்கு மேல் ‘மண் ஈரமாகவே இருந்தது’. தண்ணீர் போதாமல் செத்ததைவிட அன்பு மிகுந்து செத்தவை அதிகம். தொட்டியின் அடியில் ஓட்டையைப் பெரிதாக்கினோம், கலவையில் பெர்லைட் (நீர் வடிய உதவும் வெண்ணிற எரிமலைப் பாறைத் துகள்) கூட்டினோம், ‘தினமும் தண்ணீர்’ என்று அச்சடித்திருந்த அட்டையை ‘விரலை ஒரு கணு மண்ணில் விடுங்கள், காய்ந்திருந்தால் மட்டும்’ என்று மாற்றினோம். அடுத்த சுற்றில் சாவு கண்கூடாகக் குறைந்தது.

செத்த செடிகளைப் பற்றி மேடையில் பேசலாமா? மதிப்பெண் போய்விடாதா?

இந்தப் பக்கத்தில் நான் அழுத்திச் சொல்ல நினைப்பது இது ஒன்றைத்தான்: பேசுங்கள். ஸ்லைடிலேயே போடுங்கள்.

முதல் நாலு மேடைகளில் நாங்கள் அதை மறைத்தோம். பச்சைப் பசேலென்று படங்கள், சிரிக்கும் வாடிக்கையாளர்கள். நாலு முறையும் ஏதாவது ஒரு நடுவர், ‘என் வீட்டில் எதை வைத்தாலும் செத்துவிடுகிறது, உங்களுடையது மட்டும் எப்படிப் பிழைக்கும்?’ என்று கேட்டார். நாங்கள் மழுப்பினோம். ஐந்தாவது மேடையில் வேறு வழியில்லாமல் பேரேட்டுப் பக்கத்தையே படம் எடுத்து மூன்றாவது ஸ்லைடாகப் போட்டோம். முதல் சுற்றில் 40 பெட்டி கொடுத்தோம், 19 செத்தன. இதனால். இதை மாற்றினோம். இரண்டாம் சுற்றில் 40 கொடுத்தோம், 8 செத்தன. அதே கேள்வி அன்றும் வந்தது. ஆனால் அன்று எங்களிடம் பதில் இருந்தது. எங்கள் முதல் பரிசு அந்த மேடையில்தான்.

பிறகு நடுவராக உட்கார்ந்தபோது காரணம் புரிந்தது. மாணவர் அணி கொண்டுவரும் ஐந்தாண்டு வருமானக் கணிப்பை எந்த நடுவரும் நம்புவதில்லை. அதைப் போடச் சொல்கிறார்கள், போடுகிறீர்கள், ஒரு சடங்கு. அவர்கள் பார்ப்பது, தவறு நடந்தால் இந்த அணி அதைக் கவனிக்குமா, எவ்வளவு சீக்கிரம் திருத்தும் என்பதை. அதற்குச் செத்த செடியைப் போன்ற சாட்சி கிடையாது. ஒரே நிபந்தனை: எண்ணிக்கையோடு சொல்லுங்கள், காரணத்தோடு சொல்லுங்கள், என்ன மாற்றினீர்கள் என்பதோடு முடியுங்கள். ‘சில சவால்களைச் சந்தித்தோம்’ என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னால் மறைப்பதாகவே படும்.

பணக் கணக்கில் தோட்ட ஸ்டார்ட்அப்கள் எங்கே சறுக்குகின்றன?

முளைக்காத விதைக்கும் செத்த நாற்றுக்கும் யார் பணம் கொடுப்பது என்ற இடத்தில். நாற்றுத் தட்டின் ஒரு குழியில் விதை, கலவை, தண்ணீர், இடம் எல்லாம் சேர்த்து 10 செலவாகிறது என்று வைத்துக்கொள்வோம். நாணயம் எதுவானாலும் சரி. ஊன்றியதில் 80 சதவீதம் முளைக்கிறது. முளைத்ததில் 85 சதவீதம் விற்கும் பதத்துக்குத் தேறுகிறது. இரண்டையும் பெருக்கினால் 68 சதவீதம். நூறு செடி விற்க வேண்டுமானால் 147-க்குக் குறையாமல் ஊன்ற வேண்டும். அப்போது ஒரு செடியின் அடக்கவிலை 10 கிடையாது, 14.7. ‘செத்தால் வேறு தருவோம்’ என்று உறுதியும் கொடுத்து, பத்தில் ஒருவர் கேட்டு வந்தால், அது 16-ஐத் தாண்டும். இதில் பெட்டியும் அனுப்பும் செலவும் இன்னும் சேரவில்லை. விலையை 15 என்று வைத்திருந்தால், விற்க விற்க நஷ்டம்.

எங்கள் கணக்கில் இதைக் கண்டுபிடித்தது நாங்கள் இல்லை. ஒரு நடுவர் மேடையிலேயே கைக்கணக்காகப் போட்டுக் காட்டினார். அன்று வீடு திரும்பும் வழியில் யாரும் யாரோடும் பேசவில்லை.

இரண்டாவது சறுக்கல் எடை. ஈர மண் கலவை கனமானது. அனுப்பும் செலவு செடியின் விலையை விழுங்கிவிடும். பலரும் அழுத்திக் கட்டிய தென்னை நார்க் கட்டிக்கு மாறுவது அதனால்தான்: காய்ந்த நிலையில் கையடக்கமாகப் போகும், தண்ணீர் ஊற்றினால் பல மடங்கு உப்பிவிடும். ஆனால் அந்த நாரில் உரச்சத்து அநேகமாக இல்லை, உப்பு இருக்கலாம், கழுவிய நாரா என்று பார்த்து வாங்க வேண்டும். இதைச் சொல்லாமல் அனுப்பினால் செடி மஞ்சளாகி, புகார் உங்களுக்கு வரும்.

மூன்றாவது, பருவம். வசந்தத்தில் விற்ற வேகத்தைப் பன்னிரண்டால் பெருக்கி ஆண்டு வருமானம் என்று எழுதாதீர்கள்.

சந்தை அளவு ஸ்லைடில் என்ன எழுதுவது?

‘உலகத் தோட்டக்கலைச் சந்தை இத்தனை பில்லியன், அதில் ஒரு சதவீதம் எங்களுக்கு’ என்பதைத் தவிர எதை வேண்டுமானாலும். கீழிருந்து எண்ணுங்கள். உங்களால் கொண்டுபோய்க் கொடுக்கக்கூடிய தூரத்தில் எத்தனை விடுதி அறைகள், அதில் வெயில் படும் ஜன்னல் எத்தனை, ஒரு பருவத்துக்கு ஒருவர் எத்தனை பெட்டி வாங்குவார்? சின்ன எண்தான் வரும். வரட்டும்.

காற்றைச் சுத்தப்படுத்தும், கார்பனைக் குறைக்கும் என்றெல்லாம் சொல்லலாமா?

காற்றைச் சுத்தப்படுத்தும் என்பதை விட்டுவிடுங்கள். 1989-இல் நாசா செய்த ஆய்விலிருந்து பரவிய நம்பிக்கை அது. ஆய்வு பொய்யில்லை, ஆனால் அது நடந்தது சிறிய மூடிய அறைகளில். உங்கள் வீட்டில் கதவு, ஜன்னல், இடுக்கு வழியாகக் காற்று தானே மாறிக்கொண்டிருக்கிறது. அதுவரை வந்த ஆய்வுகளை எல்லாம் தொகுத்து 2019-இல் வெளியான ஒரு கட்டுரை, அந்தச் சாதாரணக் காற்றோட்டத்துக்கு ஈடுகொடுக்க ஒரு சதுர மீட்டர் தரைக்கு 10 முதல் 1,000 செடிகள் வேண்டும் என்று கணக்கிட்டது. அவ்வளவு செடி வைத்தால் வீட்டுக்காரர் நிற்க இடம் இருக்காது. நடுவர்களில் ஒருவருக்கு இது தெரிந்திருந்தால் மீதி ஸ்லைடுகள் எடுபடாது. நான் நடுவராக இருந்த ஒரு சுற்றில் ஆறு தோட்ட அணிகளில் நாலு அணிகள் இதே வரியைப் போட்டிருந்தன.

பீட் (சதுப்பு நிலத்தில் நெடுங்காலமாகச் சேர்ந்த, பாதி மக்கிய தாவரப் பொருள்) கலக்காத கலவை என்பதைத் தாராளமாகச் சொல்லலாம். பீட் நிலங்கள் பூமியின் நிலப்பரப்பில் சுமார் 3 சதவீதம்தான், ஆனால் உலகின் மற்றத் தாவரங்கள் எல்லாம் சேர்த்து வைத்திருப்பதைவிட அதிகக் கார்பன் அவற்றில் புதைந்திருக்கிறது. தோண்டி எடுத்தால் அது வெளியேறும். உங்கள் பெட்டி அதைத் தொடவில்லை என்றால் அது சொல்லத்தக்க சங்கதி. அதற்கு மேல் போய் ஒரு பெட்டி இத்தனை கிலோ கார்பனை மிச்சப்படுத்தும் என்று கற்பனைக் கணக்குப் போட வேண்டாம்.

மேடைக்கு உயிருள்ள செடியைக் கொண்டுபோகலாமா?

விதிமுறை அனுமதித்தால் அவசியம். ஆனால் ஒத்திகை அதற்கும் வேண்டும். குளிரூட்டிய அரங்கின் காற்று வறண்டது. மேடை விளக்கு சுடும். நிழலில் வளர்ந்த பேசிலை வண்டியில் இரண்டு மணி நேரம் ஆட்டிக்கொண்டு போய் அங்கே வைத்தால், உங்கள் முறை வருவதற்குள் தலையைத் தொங்கப் போட்டுவிடும். எங்களுக்கு அப்படித்தான் ஆயிற்று, நடுவரே ‘பாவம், அதற்குக் கொஞ்சம் தண்ணீர் கொடுங்கள்’ என்றார். அரங்கம் சிரித்தது. கூடச் சிரிப்பதைத் தவிர வேறு வழி தெரியவில்லை.

ஒரு வாரம் முன்பிருந்தே செடியை வெயிலுக்கும் காற்றுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்குங்கள். முந்தின நாள் நன்றாகத் தண்ணீர் விட்டு வடியவிடுங்கள். அன்று காலையில் ஊற்றினால் ஸ்லைடு இருக்கும் மடிக்கணினி மேல் சொட்டும். மூன்று செடி எடுத்துப் போங்கள், நன்றாக இருப்பதை மேடையில் வையுங்கள். கடைசி வரிசைக்குத் தொட்டி தெரியாது என்பதால் ஒரு நெருக்கப் படம் ஸ்லைடிலும் இருக்கட்டும்.

மூன்று நிமிடத்தில் எதைச் சொல்வது, எதை விடுவது?

அணி அறிமுகத்தை முதலில் வைக்காதீர்கள். ‘வணக்கம், என் பெயர், நான் இரண்டாம் ஆண்டு’ என்று ஐந்து பேரும் சொல்லி முடிக்க நாற்பது நொடி. ஒரு வாடிக்கையாளரின் ஜன்னலிலிருந்து தொடங்குங்கள்: என்ன வாங்கினார், எப்படிச் செத்தது. அப்புறம் உங்கள் பெட்டி என்ன மாற்றுகிறது, யார் காசு கொடுத்து வாங்கினார்கள், பேரேட்டு ஸ்லைடு, ஒரு பெட்டியின் கணக்கு, பரிசுப் பணத்தில் செய்யப்போகும் ஒரே ஒரு காரியம். ‘விளம்பரம், ஆராய்ச்சி, விரிவாக்கம்’ என்று வட்டப்படம் வேண்டாம். ‘இருநூறு பெட்டி, அடுத்த விதைப்புப் பருவத்துக்குள்’ என்றால் புரியும்.

ஒருவரே பேசட்டும். மற்றவர்கள் கேள்வி நேரத்தில் வரட்டும். ஒளிச்சேர்க்கை எப்படி நடக்கிறது என்று விளக்கிக்கொண்டு நிற்பது தாவரவியல் மாணவர்களுக்கே உரிய வியாதி, அதை விட்டுவிடலாம்.

நடுவர்கள் என்ன கேட்பார்கள்?

போட்டி மாறும், ஆள் மாறும், இந்தக் கேள்விகள் மாறுவதில்லை.

‘விதையும் தொட்டியும் கடையில் மலிவாகக் கிடைக்கிறதே?’ ஆமாம் என்று ஒப்புக்கொண்டு தொடங்குங்கள். கடையில் வாங்கியவர்களின் செடி எத்தனை பிழைத்தது, உங்களுடையது எத்தனை பிழைத்தது என்று ஒப்பிட்டிருந்தால் அதுவே பதில். ஒப்பிடவில்லை என்றால் போட்டிக்கு முன் ஒப்பிட்டுவிடுங்கள்.

‘விற்காத பெட்டியில் விதை என்ன ஆகும்?’ தக்காளி விதை நன்றாகப் பாதுகாத்தால் நாலு வருடம் முளைக்கும். வெங்காய விதை ஒரு வருடம் தாண்டினாலே முளைப்பு சரியும். எந்த விதை வைத்திருக்கிறீர்களோ அதன் ஆயுள் விரல் நுனியில் இருக்க வேண்டும்.

‘வீட்டுக்குள் வெளிச்சம் போதுமா?’ நேர் வெயிலில் ஒரு லட்சம் லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வரை இருக்கும்; விளக்கு போட்ட அறைக்குள் சில நூறுதான். நம் கண் பழகிவிடுவதால் வித்தியாசம் தெரிவதில்லை, செடிக்குத் தெரியும். ‘எந்த ஜன்னலுக்கு எங்கள் பெட்டியை விற்க மாட்டோம்’ என்று சொல்லத் தெரிந்த அணிமேல் தனி மரியாதை வரும்.

‘தேர்வு வந்தால்? படிப்பு முடிந்தால்?’ இதற்கு வீராவேசம் வேண்டாம். தேர்வு மாதத்தில் புதிதாக ஊன்றுவதில்லை, இருவர் படிப்பு முடிந்தும் முழு நேரமாகத் தொடர்வதாகச் சொல்லியிருக்கிறார்கள், மூவர் விலகலாம் என்று உள்ளதைச் சொல்லுங்கள். விலகுகிறவரின் பங்கு என்ன ஆகும் என்பதையும் முன்பே எழுதி வையுங்கள். நாலு ஆண்டுகளில் படிப்படியாகச் சேரும், முதல் ஆண்டுக்குள் போனால் எதுவும் கிடையாது என்பது ஸ்டார்ட்அப்களில் பரவலான ஏற்பாடு. நண்பர்கள்தானே என்று விட்ட அணிகளில் நட்பும் போய்விடுவதைப் பார்த்திருக்கிறேன்.

யோசனையைத் திருடிவிட மாட்டார்களா? ரகசிய ஒப்பந்தம் கேட்கலாமா?

நடுவர்கள் கையெழுத்துப் போட மாட்டார்கள், கேட்டால் அனுபவமில்லாதவர் என்று முத்திரை குத்துவார்கள். ஜன்னல் தொட்டி யோசனையை யாரும் திருட மாட்டார்கள், செய்வதுதான் கஷ்டம்.

ஆனால் காப்புரிமை பெறக்கூடிய கருவி, உதாரணமாகப் புது வகைத் தானியங்கி நீர்த்தொட்டி, உங்களிடம் இருந்தால் கவனம். மேடையில் அதன் இயக்கத்தை விளக்குவதே பொது வெளியீடாகிவிடலாம். அமெரிக்காவில் வெளியிட்ட பிறகும் விண்ணப்பிக்க ஓராண்டு அவகாசம் உண்டு. ஐரோப்பியக் காப்புரிமைக்கு அப்படிப் பொதுவான அவகாசம் கிடையாது, விண்ணப்பிக்கும் முன் வெளியானால் புதுமை போய்விடும். முதலில் விண்ணப்பம், பிறகு மேடை. முடியாவிட்டால் ‘என்ன செய்கிறது’ என்று சொல்லி, ‘எப்படி’ என்பதை விட்டுவிடுங்கள். ஆய்வகமோ பேராசிரியரின் நிதியோ பயன்பட்டிருந்தால் அதில் கல்வி நிறுவனத்துக்கும் உரிமை இருக்கலாம்.

இன்னொன்று, தோட்டக்காரர்கள் பலருக்குத் தெரியாதது. நீங்கள் வெட்டிப் பதியம் போட்டு விற்கும் செடி யாரோ ஒருவரின் பாதுகாக்கப்பட்ட ரகமாக இருக்கலாம். 1961-இல் உருவான யூபோவ் உடன்படிக்கையின் வழியே பல நாடுகளில் புதிய ரகங்களை உருவாக்கியவர்களுக்கு உரிமை உண்டு. அழகுச் செடிகளில் இது அதிகம். தொட்டியில் செருகியிருக்கும் சின்ன அட்டையைப் படியுங்கள். ‘பெருக்கி விற்கத் தடை’ என்றிருந்தால் உங்கள் தொழிலே அந்த அட்டையில் நின்றுவிடும்.

வேறு நாட்டுப் போட்டிக்குத் தேர்வானால் செடியை எடுத்துப் போகலாமா?

பெரும்பாலும் வேண்டாம். செடிக்கும் பல விதைகளுக்கும் தாவர நலச் சான்றிதழ் கேட்பார்கள், மண்ணைப் பல நாடுகள் உள்ளே விடுவதே இல்லை. வெறும் பெட்டியை எடுத்துப் போய், செடியைப் போகும் இடத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பரிசுப் பணத்தில் கவனிக்க வேண்டியது என்ன?

அது பரிசா, முதலீடா என்று. சில போட்டிகளின் ‘பரிசு’ உங்கள் நிறுவனத்தின் பங்குக்கு ஈடாக வருவது. சிலவற்றில் பாதித் தொகை சட்ட ஆலோசனை, மேகக் கணினி வசதி என்று சேவையாக வரும். மண் வாங்க உதவாது. நிறுவனத்தைப் பதிவு செய்தால்தான் தொகை என்றும், இலக்கைத் தொட்டால்தான் மீதித் தவணை என்றும் விதி இருக்கலாம். எங்கள் இரண்டாவது பரிசு அறிவிப்புக்குப் பிறகு ஐந்து மாதம் கழித்தே கைக்கு வந்தது. அதை நம்பி விதை வாங்கக் கடன் சொல்லியிருந்தோம். விதைப்புப் பருவமே முடிந்துவிட்டது.

எத்தனை போட்டிகளுக்குப் போகலாம்?

ஒரு பருவத்துக்கு இரண்டு. அதற்கு மேல் போனால் வாடிக்கையாளர் பெட்டியை விட்டுவிட்டு ஸ்லைடுக்கு நிறம் மாற்றிக்கொண்டிருப்பீர்கள். கைதட்டல் வாங்க வாங்க இன்னொரு மேடை வேண்டும் போலிருக்கும். எங்கள் ஆறாவது, ஏழாவது மேடைகளுக்கு நடுவே ஒரு பெட்டிகூட விற்கவில்லை என்பதைப் பிறகு கணக்குப் பார்த்தபோதுதான் கவனித்தோம்.

தோற்றால், மறுநாளே நடுவர்களிடம் குறிப்பு கேளுங்கள். பாராட்டை விட்டுவிட்டு, உங்களால் பதில் சொல்ல முடியாமல் போன கேள்விகளை மட்டும் எழுதி வையுங்கள். அடுத்த சோதனைச் சுற்று எதைப் பற்றி என்பதை அதுவே முடிவு செய்யும்.

போட்டி நாளன்று நாற்றுக்குத் தண்ணீர் யார் ஊற்றுவது?

வேடிக்கைக் கேள்வி இல்லை இது. ஒருவரை விட்டுவிட்டுப் போங்கள், அல்லது முன்கூட்டியே வெளியாள் ஒருவரிடம் சாவி கொடுங்கள். எங்கள் இறுதிச் சுற்றுக்கு ஐந்து பேரும் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டோம். இரவு திரும்பி வந்து பார்த்தால், அனுப்பத் தயாராக இருந்த இரண்டு தட்டு நாற்றும் ஜன்னல் வெயிலில் காய்ந்து சரிந்து கிடந்தன. கோப்பையைத் தரையில் வைத்துவிட்டுப் பேரேட்டைத் திறந்தோம். தேதி, தட்டு 31, தட்டு 32, செத்தவை 96. காரணம் என்ற இடத்தில் ஒருவன் எழுதினான்: பிட்ச்.